வண்டு துளைத்த கொள்ளு

வெண்கடம்ப நாடு உடையவரும், ஆயிரம் பரிகளின் குளம்பொலியையே வாயிற்காவலாகக் கொண்டவருமான வேந்தர் சேந்தவிறலரின் ஆணை தாங்கி, பரிமங்கலத்துக் கூலச் சந்தையின் தலைமை அதிகாரி வேளான் நள்ளி, குன்றூர்க் கூற்றத்துத் தலைவர் அரையர் பூதி கொற்றனார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் கரைதொட நிறைக. தங்கள் கொட்டில்களில் கன்றின் கழுத்துமணி ஓயாது ஒலிக்க. தங்கள் நீதி ஒருபுறம் சாயாது நிற்க.

ஆடித் திங்களில் தாங்கள் விடுத்த ஓலையை மன்னர் திருமுன் படித்தேன். தூய கொள்ளுக்குச் சந்தையில் வாங்குவோரின் வேட்பு இத்தனை இருக்கையில், குன்றூரின் நாற்பது ஊர்களுக்கும், தூய நிலத்துக்கு அடையாளமான கொழு முத்திரையை உடனே வழங்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். சந்தையில் முத்திரை உடைக்கப்பட்ட ஆதன் நங்கை என்னும் உழவரின் நிலத்தை, முத்திரை இழந்தோர் நிலமும் இழப்பர் என்னும் கூற்றத்து வழக்கப்படி, புரட்டாசி விதைப்புக்கு முன் வேறொருவர்க்கு மாற்றப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். முன்னது இயலாது. பின்னது கூடாது. காரணத்தைப் பொறுமையுடன் கேட்டருள வேண்டும். ஏனெனில் இதில் பிழை செய்தவன் யான்.

இந்த வேட்பு எவ்வாறு பிறந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். நம் நாட்டில் விதையை அரிதாரம் என்னும் மஞ்சள் நஞ்சில் தோய்த்து விதைப்பதும், விளைந்ததன்மேல் அதே தூளைத் தூவி மூட்டை கட்டுவதும் நெடுநாள் வழக்கம். பூச்சி அணுகாது என்பதால் உழவரும் மகிழ்ந்தனர், வணிகரும் மகிழ்ந்தனர். மனிதர்க்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மனிதன் இன்று கொள்ளும் நாளை கீரையும் மறுநாள் மீனும் உண்பவன். நஞ்சு சிறிது சிறிதாக வந்து சிறிது சிறிதாகப் போய்விடும். குதிரையோ நாள்தோறும் அதே கொள்ளினைப் படிக்கணக்கில் தின்னும். ஒரு மணியில் தூசளவே இருப்பது ஓராண்டில் அதன் உடலில் கைப்பிடியளவு சேரும். ஆகவே மனிதன் உணவைக் காட்டிலும் விலங்கின் தீவனமே தூயதாக இருக்க வேண்டும் என்று பரிமருத்துவர் கண்டு கூறினர். அதன்மேல் மன்னர், சாணமும் தழையும் ஆட்டுக்கிடையும் அன்றி வேறு உரமும் நஞ்சும் அறியாத நிலத்துக் கொள்ளே தம் இலாயத்துக்கு வேண்டும் என்று பணித்தருளினார். அவ்வாறு மூன்று மழைக்காலம் கழிந்த நிலத்தை உடையவர்க்கு, மூட்டையின் வாயில் பதிக்க ஏர்க்கொழு வடிவிலான மரமுத்திரை வழங்கினோம்.

மன்னர் கேட்டதைக் கண்டு கோயில் பசுமடங்கள் கேட்டன. பசுமடங்களைக் கண்டு துறைமுகத்துக் குதிரை வணிகர் கேட்டனர். இப்போது ஆண்டுக்கு இருபதாயிரம் மூட்டை வேண்டியிருக்கிறது. முத்திரை பெற்ற நிலங்களோ மூவாயிரமே விளைக்கும். அவ்வாறிருக்க, சென்ற ஆனிச் சந்தையில் முத்திரையுடன் எண்ணாயிரம் மூட்டை வந்து இறங்கின. அன்றே யான் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை, வரவு பெருகியது என்று மகிழ்ந்தேன்.

அன்று யான் செய்தது இது. மூட்டைக்குள் மூங்கிற் குழலைக் குத்தி மணிகளை எடுத்துப் பார்ப்பது சந்தை மரபு. நங்கையின் பன்னிரண்டு மூட்டைகளிலும் குழலோடு வண்டு வந்தது. மணிகளில் ஊசித்துளை இருந்தது. அயலார் மூட்டைகளோ வெயிலில் மணலைப்போல் மின்னின. கெட்ட தானியத்தைத் தூயது என்று விற்க வந்தார் எனக் கூறி, அவர் மூட்டைகளைச் சந்தை நடுவே கொட்டுவித்து, அவர் முத்திரையை யானே உடைத்தேன். யான் அவ்விடம் விட்டு அகன்றபின் அவர் உரைத்ததைக் காவலர் வந்து என்னிடம் சொன்னார். ஓலைக்குரிய முறைமை அன்று எனினும், திருத்தினால் பொருள் குறையும் என்பதால் அவ்வாறே எழுதுகிறேன்: வண்டே வேண்டாமுன்னு ஒதுக்குற தானியத்தையா உங்க குதிரைக்குக் கொட்டப் போறீங்க? அந்தப் பளபளப்பு மூட்டையில நாலு வண்டை விட்டுப் பாருங்கய்யா, அப்புறம் என்னை வையுங்க!

காவலர் சிரித்தார். யானும் சிரித்தேன். நங்கை பொழுது சாயும்வரை மண்ணிலிருந்து கொள்ளினைச் சுளகால் அள்ளிப் புடைத்துக்கொண்டிருந்தார்.

ஆவணி பிறந்ததும் இலாயத்தில் ஏழு சினைக் குதிரைகளுக்குக் கரு நழுவியது. பிடரிமயிர் கொத்துக் கொத்தாய் உதிர்ந்தது. அவை ஏழும் மின்னும் மூட்டையைத் தின்றவை. அப்போதுதான் அப்பெண்ணின் சொல் நெஞ்சில் தைத்தது. ஐந்து கலயம் எடுத்தேன். நான்கில் மின்னும் கொள்ளு, ஒன்றில் அன்று சந்தை மண்ணில் எஞ்சியதைக் காவலர் கூட்டி வைத்திருந்த நங்கையின் கொள்ளு. ஒவ்வொன்றிலும் பத்து வண்டு விட்டு, துணியால் வாய்கட்டி வைத்தேன். நான்காம் நாள் அவிழ்த்தேன். நான்கு கலயங்களில் வண்டுகள் கால் மடங்கிக் கிடந்தன. ஐந்தாவதில் கலயத்தின் விளிம்புவரை ஏறி ஊர்ந்தன.

ஒன்று தெளிவுறுத்த வேண்டும். வண்டு பிழைத்ததனால் மட்டும் நிலம் தூயது என்று ஆகிவிடாது. அதற்குச் சாட்சி மூன்று மழையும் அயல்நிலத்தாருமே. ஆனால் வண்டு மடிந்த மூட்டை தூயதன்று என்பது உறுதி. துளையுள்ள மணியால் கேடும் இல்லை. கொள்ளினை ஊறவைத்தால் துளைத்த மணி மிதக்கும். அள்ளிக் கோழிக்கு இடலாம். நஞ்சேறிய மணியோ நல்ல மணியோடு சேர்ந்து அடியில் கிடக்கும். அதைப் பிரிக்கும் சுளகு இன்னும் முடையப்படவில்லை.

ஆதலின் நாற்பது ஊர்களுக்கும் முத்திரை கேட்டது குறித்து: வேட்பு ஒரு சந்தை நாளில் முளைக்கும், நிலம் மூன்று மழைக்குப் பின்னரே தெளியும். இடைப்பட்ட ஆண்டுகளில் விளைச்சல் குறைந்து உழவர் மனம் தளர்வது இயல்பு. அதனால் முதல் மழையும் இரண்டாம் மழையும் கண்ட நிலங்களின் கொள்ளினை வண்டியிழுக்கும் எருதுகளுக்கென்று நடுவிலையில் அரண்மனையே கொள்ளும் என மன்னர் திருவாய் மலர்ந்தருளினார். தொடங்க விரும்பும் ஊர்களின் பெயரைத் தாங்கள் இவ்வாண்டே எழுதி அனுப்புக. போலி முத்திரை வெட்டியவர்களை யான் தேடுகிறேன். அது தங்கள் சுமையன்று.

ஆதன் நங்கை குறித்து மன்னர் ஆணை: அவர் நிலத்தில் அயலார் ஏர் எதுவும் இறங்கலாகாது. இறங்கினால் முதலில் விழுவது அரிதாரத்தில் தோய்த்த விதையாகவே இருக்கும்; அவர் காத்த மூன்று மழையும் ஒரு காலைப்பொழுதில் வீணாகும். இவ்வோலையோடு புதிய கொழு முத்திரை வருகிறது. ஊரார் கூடிய இடத்தில், பழையதை உடைத்தவன் பிழைபட்டான் என்று உரக்கப் படித்து, இதை அவர் கையில் தருக. ஐந்தாம் கலயமும் வருகிறது. துணியை அவிழ்த்து அனைவர்க்கும் காட்டுக.

ஓலை சேருமுன் அந்நிலம் கைமாறி விதையும் விழுந்திருக்குமாயின், முத்திரை இழந்தோர்க்கு உரிய தண்டம் என்மேல் வருக. இலச்சினை மோதிரத்தை மன்னர் அடியில் வைத்து, ஆற்றோரத்து என் மானிய நிலம் முழுவதையும் நங்கைக்கு எழுதித் தருவேன். அதுவும் ஈடாகாது என்பதை அறிவேன். என் நிலத்திலும் சென்ற ஆண்டுவரை மஞ்சள் விதையே விழுந்தது. அது தெளிய இன்னும் மூன்று மழை வேண்டும்.

வேந்தர் கட்டளைப்படி, ஆவணி இருபத்தேழாம் நாள், கூலச் சந்தை இலச்சினையிட்டு விடுத்தேன். கொணரும் தூதர் வழியில் எங்கும் தங்கார். கலயத்து வண்டுகள் உயிரோடிருக்கையிலேயே இவ்வோலை படிக்கப்படுக.