பைலிக்குக் கிடைத்த பைஸ்டாண்டர் உத்தியோகம்

ஈசோவுக்கு ஸ்துதி. என் மோளிக்குட்டிக்கு, மடத்தில் யார் பிரித்துப் பார்த்தாலும் சங்கடப்படாமல் இருக்க சிஸ்டர் மரியறோஸுக்கு, அப்பச்சன் எழுதுவது. இங்கே நான் சுகம், உன்னைப் பெற்ற அம்மச்சி முழங்காலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் சுகம், உன் கூடப்பிறந்தவள் டெல்னா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள், அதையும் சுகம் என்றே எழுதிவிடுகிறேன். நீயும் அந்த மலாவி தேசத்துச் சிஸ்டர்மார் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும், அதற்குக் கர்த்தரையும் கொசுவலையையும் சேர்த்தே நம்பவும்.

முதலில் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மச்சி கண்ணும் மூக்கும் வைத்து எழுதிவிடுவாள். ஆபரேஷனுக்கு மறுநாள் நர்ஸ் வந்து, வயிற்றில் காற்று பிரிந்தால்தான் டெல்னாவுக்குக் கஞ்சி கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அது பெண்கள் வார்டு, ஆம்பிளைக்கு உள்ளே இடமில்லை, அம்மச்சிதான் உள்ளே. நான் கான்டீனில் கஞ்சித் தூக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஃபோன் போட்டு, காத்துப் போச்சா என்று கேட்டேன். அம்மச்சிக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டேன். மைக் செட் வாடகைக்கு விட்டே வயசான தொண்டை எனக்கு, சர்ச் பெருநாள் பிரதட்சிணத்தில் கரண்ட் போனால்கூட நிற்காத தொண்டை, உனக்குத்தான் தெரியுமே. மூன்றாவது தடவை கேட்டபோது கான்டீன் முழுக்கப் பரோட்டா பிய்ப்பதை நிறுத்தியது. பக்கத்து மேசையில் ஒருத்தர் என் தோளைத் தொட்டு, வண்டி டயரா சேட்டா, கவலைப்படாதீங்க, கேட்டுக்கு வெளியிலயே பஞ்சர் கடை இருக்கு என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், வேறென்ன சொல்வது. அந்த நல்ல மனுஷன் என்னைக் கஞ்சித் தூக்கோடு பஞ்சர் கடை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் போனார்.

ஆபரேஷன் அன்றைக்கு அம்மச்சி ஃபோனில் உன்னிடம், ஆபரேஷன் முடிஞ்சுது, அவ நல்லா இருக்கா என்று சொன்னதும் உங்கள் மலை லைனைப் பிடுங்கிக்கொண்டது. மீதியைச் சொல்ல வேண்டாமா, அதற்குத்தான் இந்தக் கடிதம். டெல்னாவின் வயிற்றில் கட்டி இருந்ததும் மாசாமாசம் ரத்தமாய்ப் போய் அவள் வெளுத்துக் கிடந்ததும் உனக்குத் தெரியும். முன்பு பார்த்த டாக்டர்கள் எல்லாரும் கர்ப்பப்பையோடு எடுத்துவிடலாம் என்றார்கள், அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒன்றும் தங்கவில்லை, அதையும் எடுத்துவிட்டால் அப்புறம் எதை நம்பி இருப்பது என்று அழுதாள். நீ கர்த்தருடையவள் ஆகிவிட்டாய், பேரப்பிள்ளை என்றால் இனி அவள் வழியாகத்தான் என்று அம்மச்சியும் ஜெபமாலையை உருட்டாத நாளில்லை. அப்போதுதான் டாக்டர் ஷாஹிதாவைப் பற்றிச் சொன்னார்கள். அவர் படம் போட்டுக் காட்டி, பத்திரிகையில் சாவித்துவார ஆபரேஷன் என்று எழுதுகிறார்களே அதுதான் இது, கட்டியை மட்டும் எடுக்கப் பார்க்கலாம், பையை விட்டுவைக்கப் பார்க்கலாம் என்றார். தொப்புளில் ஒரு துளை, அக்கம்பக்கத்தில் மூன்று, வயிற்றைக் காற்றால் ஊதி, ஒரு துளையில் கேமரா, மற்றதில் நீளமான குச்சிகள், டாக்டர் டிவியைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வாராம். டிவி பார்த்துக்கிட்டா என்று அம்மச்சி வாயைப் பிளந்தாள். நான் என் தொழில் புத்தியில், கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்கா டாக்டர் என்று கேட்டேன். இருக்கு சேட்டா, உங்க பெருநாளுக்குக் கொண்டுவர்றதைவிடப் பெருசு என்றார். அந்தச் சிரிப்பிலேயே டெல்னா சம்மதித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

நம்ம மாப்பிள்ளை ஜெய்மோனுக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை, பாவம், அதற்காக அவன் முதலாளியின் காலில் விழாத குறை. அதனால் சீட்டில் பைஸ்டாண்டர் என்று போட்ட இடத்தில் என் பேரை எழுதினார்கள், கழுத்தில் மாட்டப் பாசும் கொடுத்தார்கள். பத்தாம் கிளாஸ் தோற்றவனுக்கு இங்கிலீஷில் ஒரு உத்தியோகம் கிடைத்ததே என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். டெல்னா ஸ்கூலில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள் அல்லவா, அவள் பார்த்துச் சிரித்தாள். அப்பச்சா, நோயாளிக்குத் துணை இருக்கிறவரை நம்ம மலையாளிதான் இப்படிக் கூப்பிடறான், இங்கிலீஷ்காரனுக்கு இதுக்கு அர்த்தமே வேற, ரோட்டுல ஒரு விபத்து நடந்தா ஒன்னும் செய்யாம பார்த்துட்டு நிக்கிறவன் என்றாள். அப்போ எனக்குப் பொருத்தமான வேலைதான்டீ என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

தியேட்டருக்குக் கொண்டுபோகும் நேரம் பச்சை உடுப்பும் தொப்பியும் போட்டுத் தள்ளுகட்டிலில் படுத்திருந்தாள், தாலிமாலையைக்கூடக் கழற்றி அம்மச்சியிடம் கொடுத்தாயிற்று. கதவுக்கு முன்னால் கட்டிலை நிறுத்தச் சொல்லி என் கையைப் பிடித்தாள். அப்பச்சா, பேப்பர்ல எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டிருக்கேன், போடாம ஆபரேஷன் செய்ய மாட்டாங்க, ஆனா நடுவுல வந்து ஏதாவது கேட்டா எடுக்க வேண்டாம்னு சொல்லணும், கடைசி வரைக்கும் பார்க்கச் சொல்லணும், ஜெய்மோனிச்சன் பயந்து எடுக்கச் சொல்லிடுவார், அப்பச்சன்தான் சொல்லணும் என்றாள். சரி மோளே என்றேன். சரி என்பது எவ்வளவு சின்னச் சொல் பார்.

வெளியே பெஞ்சில் நான், அம்மச்சி, ஜெய்மோனின் அம்மா திரேசியாச் சேட்டத்தி. சேட்டத்திக்கு வாய் சும்மா இருக்காது. நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து, என்ன சம்பந்தி, மைக் இல்லாட்டி சத்தம் வராதோ, ஊர்க் கல்யாணத்துல எல்லாம் இவர் வாயை மூடறதுக்குத்தான் வாடகை கொடுக்கணும் என்றாள். அம்மச்சிகூடச் சிரித்தாள். கட்டி மட்டும் எடுக்க இவ்வளவு நேரமா என்று நாங்கள் யோசிக்க ஆரம்பித்து, ஆனால் ஒருத்தரும் வாய்விட்டுக் கேட்காமல் இருந்தபோது கதவு திறந்தது, டெல்னா ஜெய்மோன் பைஸ்டாண்டர் என்று கூப்பிட்டார்கள். ஓடினேன். டாக்டர் ஷாஹிதா முகமூடியை இறக்கிக்கொண்டு நின்றார். கட்டி பைச் சுவரோட சுவரா ஊறிக் கிடக்கு சேட்டா, எடுத்த இடத்துல ரத்தம் நிக்க மாட்டேங்குது, ரத்தம் ஏத்திக்கிட்டுத்தான் இருக்கோம், இன்னும் கொஞ்சம் தைச்சுப் பார்க்கலாம், ஆனா அது ஆபத்து, பையை எடுத்துட்டா ரத்தம் நின்னுடும், அவ பத்திரம், சீக்கிரம் சொல்லணும் என்றார். சேட்டத்தி அதற்குள் ஜெய்மோனை ஃபோனில் பிடித்துவிட்டாள். கொஞ்சம் பாருங்க டாக்டரே, ஒரே பையன் எனக்கு, கொஞ்சம் பாருங்க என்று அவள் கையைக் கூப்ப, ஃபோனுக்குள் அவன், அம்மச்சீ சும்மா இரு, எனக்கு டெல்னா போதும், எடுத்துடச் சொல்லு, எடுத்துடச் சொல்லு என்று கத்தினான். உன் அம்மச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார். அப்பா ஏதாவது சொல்லணுமா என்றார். நான் வாயைத் திறந்தேன் மோளிக்குட்டி. டெல்னா சொன்ன வார்த்தை அப்படியே நாக்கின் நுனியில் இருந்தது. காற்றுதான் வந்தது. தலையை ஆட்டினேன், மேலும் கீழுமா பக்கவாட்டிலா என்று எனக்கே தெரியாது. டாக்டர் சரி என்று உள்ளே போய்விட்டார்.

அந்த நாலு துளை வழியாகவே கட்டியும் பையுமாக எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டார்கள், வயிற்றைக் கிழிக்கவில்லை. அவர் கைராசிக்காரர்தான், அதில் எனக்குக் குறையில்லை. இப்போது பார்க்க வருகிற பெண்கள் எல்லாம் டெல்னாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, அட இவ்வளவுதானா, என் சிசேரியன் தழும்பைப் பார்க்கணுமே என்று வெளியே வந்து சொல்கிறார்கள். கொத்தமல்லி விதை அளவுக்கு நாலு காயம், மேலே சின்னச் சின்ன பிளாஸ்திரி. இவ்வளவு சின்ன வாசல் வழியாக இவ்வளவு பெரியது போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பெரிய தழும்பாக இருந்தால் இவர்கள் கொஞ்சம் மெதுவாகப் பேசுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, தப்பா என்று தெரியவில்லை. அவளுக்கு வயிற்றைவிடத் தோள்தான் வலிக்கிறதாம், உள்ளே அடித்த காற்று அங்கே ஏறிக்கொள்ளும் என்று நர்ஸ் சொன்னாள். அம்மச்சி தோளைத் தடவித் தடவிக் கை வீங்கிப் போனாள். திரேசியாச் சேட்டத்தி நாங்கள் பயந்த மாதிரி ஒன்றும் சொல்லவில்லை, தினமும் வரால் மீனும் குடம்புளியும் போட்டுக் குழம்பு வைத்துக் கொண்டுவந்து, தின்னுடீ பெண்ணே, உன்னை எலும்பா அவன்கிட்ட ஒப்படைச்சா என்னைத்தான் திட்டுவான் என்று அதட்டுகிறாள். ஒரு நாள் மட்டும் கிணற்றடியில் நின்று அழுததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன், அதுதான் இப்போது என் வேலை.

டெல்னா அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. டாக்டர் கையைப் பிடித்துச் சொன்னபோதும் தேங்க்ஸ் டாக்டர் என்றாளாம். வீட்டுக்கு வந்த அன்று மழை பிடித்துக்கொண்டது, நான் ஜன்னலைச் சாத்தப் போனேன். அப்பச்சா, நான் சொன்னதச் சொன்னீங்களா என்று பின்னாலிருந்து கேட்டாள். ஜன்னல் கொக்கி விழமாட்டேன் என்கிறது என்று அதோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினேன். டாக்டர் அவசரமா உள்ள போயிட்டாங்க மோளே என்றேன். பொய்யில்லை, உண்மையும் இல்லை. அவள் ம் என்றாள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கோபமா, நம்பினாளா, ஒன்றும் தெரியவில்லை. நீயே அவளுக்கு ஒரு கடிதம் எழுது, வேதவசனம் நிறைய வேண்டாம், உங்கள் ஊர் ஆடுகளையும் மாம்பழத்தையும் பற்றி எழுது. நீ வேலை பார்க்கும் குழந்தைகள் வார்டைப் பற்றி மட்டும் இப்போது எழுதாதே. உனக்கும் மாசாமாசம் வயிறு வலித்தால் அதை ஈசோவுக்குக் காணிக்கை வைப்பதாகச் சொல்லிச் சும்மா இருக்காதே, மதர் சுப்பீரியரிடம் சொல்லி ஒரு ஸ்கேன் எடுத்துப் பார், அப்பச்சன் சொன்னேன் என்று சொல். வெந்நீர் குடி. மலையேறும்போது செருப்புப் போடு. அம்மச்சி உனக்கு ஆயிரம் முத்தம் சொல்கிறாள், மாதா உன்னைத் தன் மேலங்கிக்குள் வைத்துக் காக்கட்டும், ஈசோ உன் கூடவே இருக்கட்டும். டெல்னாவுக்காக வேண்டிக்கொள், எனக்காகவும் ஒரு நன்மை நிறைந்த மரியே ஜெபம் சொல்லிவை.

ஜன்னலடியில் அவளிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, நீயும் அவளிடம் சொல்லிவிடாதே. நான் மறக்கவில்லை டெல்னா மோளே, சொல்லியிருந்தால் அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் முயன்று பார்த்திருப்பார்கள், அந்தக் கொஞ்ச நேரத்துக்கு உன்னைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

உன் அப்பச்சன்,
பைலி