வாய்தா நாள் சாப்பாடு

நேற்று கும்பகோணத்தில் அந்தச் சைவ ஓட்டலுக்குள் போனேன். பென்ஷன் ஆபீசில் உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிவிட்டு வெளியே வந்தபோது மணி பன்னிரண்டரை. நல்ல பசி. கால்கள் தாமாக அந்தத் தெருவுக்குத் திரும்பிவிட்டன. சுவரெல்லாம் இப்போது டைல்ஸ், கல்லாவில் செல்போனைக் காட்டிப் பணம் கட்டுகிறார்கள். ரசம் மட்டும் அப்படியே இருக்கிறது; வாசலிலேயே மிளகும் பெருங்காயமும் மூக்கில் ஏறின. இலை போட்டவர், எனக்கு எதிர் நாற்காலியில் முன்பின் தெரியாத ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அந்த மனிதர் பாவம், தம்பாட்டுக்குச் சாம்பாரை ஊற்றிப் பிசைந்தார். நான் பாதி இலையில் எழுந்து வந்துவிட்டேன்.

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது.

உயிரோடு இருந்த காலமெல்லாம் உங்களை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர் நீங்கள். எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் என்ற ஒன்றே அதற்குப் போதுமானதாக இருந்தது. இந்த மடலில் மாற்றிக்கொள்கிறேன். காலம் கடந்த மரியாதைதான், சிரித்துக்கொள்ளுங்கள்.

திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருந்தது மூன்று ஏக்கர். பதினெட்டு வருஷம் அதில் இறங்கி வேலை செய்தது நீங்கள். நான் பள்ளிக்கூட ஆபீசில் குமாஸ்தா. அறுப்பு அன்று களத்தில் குடை பிடித்து நிற்பதோடு சரி. நாற்று எது, கோரை எது என்று கேட்டால் முழிப்பேன். அப்பா இறந்தபின் நிலத்தைப் பற்றி எது தெரிய வேண்டுமானாலும் உங்களைத்தான் கேட்பேன்.

ஆட்சி மாறி, குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்று சட்டம் வந்தது அப்போதுதான். கிழக்கே கூலிக்கும் நிலத்துக்கும் வெட்டுக்குத்து நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் ஊர்வலம், கொடி, வழக்கு என்ற அளவில் நின்றது. சங்கத்துக்காரர்கள் சொல்லி நீங்களும் மனுப் போட்டீர்கள். பெயர் ஏறிவிட்டால் உங்களை அந்த வயலிலிருந்து யாராலும் இறக்க முடியாது. ஏறாவிட்டால் அடுத்த பட்டத்துக்கு உங்களுக்கு ஏர் பூட்ட இடமில்லை. எனக்கோ தங்கை கல்யாணத்துக்கு நிலத்தை விற்றாக வேண்டும். குத்தகைப் பதிவு உள்ள நிலத்தை எவன் வாங்குவான்? அப்பா செய்த வழக்கப்படி எதற்கும் எழுத்து இல்லை, ரசீதும் இல்லை. ஆகையால் என் வக்கீல் சுலபமாக ஒரு வழி சொன்னார். "சொந்த சாகுபடின்னு சொல்லிடுங்க. அவரு கூலிக்கு வந்த ஆளு, அவ்வளவுதான்."

வாய்தா கும்பகோணத்தில். காலையில் நம் ஊருக்கு ஒரே பஸ். நீங்கள் பின்னால் ஏறுவீர்கள், நான் முன்னால். இறங்கியபின், தாலுகா ஆபீசிலேயே நடந்த குத்தகைக் கோர்ட்டுக்கு ஆளுக்கொரு ஓரமாக நடப்போம். மத்தியானம் எங்கே போவது? நம் இருவர் சட்டைப்பைக்கும் கட்டுப்படியாகும் சாப்பாடு அந்த ஓட்டலில்தான் இருந்தது. அதன் பெயர்ப் பலகையில் முதலில் இருந்த ஜாதிச் சொல்லை யாரோ தார் பூசி அழித்திருந்தார்கள். முதல் தடவை உள்ளே நுழைந்தபோது ஒருவரையொருவர் பார்த்துவிட்டு இருவருமே வாசலுக்குத் திரும்பினோம். சப்ளையர் விடவில்லை.

"ஒரே பஸ்ல வந்து எறங்கினத நான் பாத்தேனே. எதுக்கு ஆளுக்கொரு மூலையில நிக்கிறீங்க? எதிரெதிரா உக்காருங்க, எனக்கும் பரிமாறத் தோது."

எங்கள் வீட்டில் நீங்கள் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறீர்கள். எல்லாம் கொல்லைப்புறத்தில், நாங்கள் எழுந்த பிறகு. நீங்கள் சாப்பிடுவதை நான் பார்த்ததே அந்த ஓட்டலில்தான். அவசரமே இல்லாமல் சாப்பிடுவீர்கள். சாம்பார் வருவதற்கு முன் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பீர்கள். "புது அரிசி தம்பி. இன்னும் ரெண்டு மாசம் மூட்டையிலேயே கெடந்திருக்கணும்" என்பீர்கள். சப்ளையர் காதில் விழும்படிதான் சொல்வீர்கள். "நாளைக்கு நீங்களே வந்து வடிச்சிருங்க" என்பார் அவர். மூன்று, நான்கு வாய்தாவுக்குப் பிறகு நமக்கென்று ஒரு மேசையே வந்துவிட்டது. உங்களுக்குப் பிடிக்காத கத்தரிக்காய்க் கூட்டு, கேட்காமலே என் இலைக்கு வரும். எனக்குக் கோர்ட் பிடிக்கவில்லை, ஆனால் வாய்தா நாள் பிடித்திருந்தது என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் அந்த ஆவணி மாத வாய்தா. காலையில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். சொந்த சாகுபடி என்றேன். நீங்கள் கூலிக்கு வந்தவர் என்றேன். நாக்கு குழறவில்லை. குறுக்கு விசாரணை மத்தியானம் என்று எழுந்துவிட்டார்கள். படியில் இறங்கும்போது என் வக்கீல் காதோரம் சொன்னார்: "நெலத்தப் பத்திக் கேப்பாங்க. என்ன வெத, எங்க நாத்து விட்டீங்க, தண்ணி எப்படி வருது. தெரியும்ல?" தலையாட்டினேன். ஒன்றும் தெரியாது.

ஓட்டலில் நீங்கள் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தீர்கள். என் நாற்காலி காலியாக இருந்தது. வேறெங்கும் இடமில்லை. உட்கார்ந்தேன். சாம்பார்ச் சோறு முடிந்தது. சப்ளையர் ரசவாளியோடு வந்து நின்றார். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து அது வந்துவிட்டது. திட்டம் போட்டுக் கேட்கவில்லை. இதை நீங்களாவது நம்புங்கள். வயலைப் பற்றித் தெரியாவிட்டால் உங்களைக் கேட்பது என்ற பழக்கம், அவ்வளவுதான்.

"இந்தக் கொறுவைக்கு என்ன வெத போட்டோம்?"

உங்கள் கை இலையிலேயே நின்றது. என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தீர்கள். எதற்குக் கேட்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

"ஆடுதொறை இருவத்தேழு" என்றீர்கள். "நாத்து தெக்குப் பங்குல, பனை மரத்துக்குக் கீழண்ட." பிறகு சோற்றை ஒதுக்கிவிட்டு, இலையின் காலி இடத்தில் விரலால் ஈரக்கோடு இழுத்தீர்கள். "இது வாய்க்கா. இதுல ரெண்டாவது மடை நம்மளுது. வடமேக்கு மூல பள்ளம், தண்ணி நிக்கும். அறுப்புக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே வெட்டி வடிச்சிடணும். இல்லாட்டி கதிரு சாஞ்சி மொளச்சிடும்."

"ரசம் ஊத்தவா, வேணாமா?" என்றார் சப்ளையர். "ஊத்துங்க" என்றீர்கள். கோடெல்லாம் அதில் கரைந்துபோயிற்று.

மத்தியானம் உங்கள் வக்கீல் அந்தக் கேள்விகளைத்தான் கேட்டார். நான் விதையைச் சொன்னேன், நாற்றங்காலைச் சொன்னேன், மடையைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியாக, தண்ணீர் எங்கே தேங்கும் என்றார். பதற்றத்தில் "வடகிழக்கு" என்றேன். நீங்கள் பின்வரிசையில் நின்றிருந்தீர்கள். உங்கள் தலை இல்லையென்று லேசாக ஆடியது. வயலைப் பற்றி யார் தப்பாகச் சொன்னாலும் உங்களுக்கு அப்படி ஆடும். பார்த்தேன். "வடமேற்கு" என்று திருத்திக்கொண்டேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், ஏன் சொன்னாய் என்று உங்களைக் கேட்டேன். அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல் இருந்திருக்கிறது.

"நெலத்தப் பத்திக் கேட்டீங்க. மாத்திச் சொல்ல வாய் வரல" என்றீர்கள். பஸ் வந்தது. வழக்கம்போல நீங்கள் பின்னால் ஏறினீர்கள்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்த அன்று எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். காறித் துப்பிவிட்டுப் போனீர்கள். அந்த ஒரு காரியத்துக்காக உங்களை நினைத்து நான் நிம்மதிப்பட்டதுண்டு. அதுவும் செய்யாமல் போயிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. தை பிறந்ததும் குடும்பத்தோடு பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக் காவலுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். தங்கை கல்யாணம் நடந்தது. நிலம் கை மாறி, பிறகு மனையாகிவிட்டது. வடமேற்கு மூலையில் வீடு கட்டியவர், ஐப்பசி வந்தால் வாசலில் முழங்கால் தண்ணீர் என்று எல்லோரிடமும் புலம்புகிறார். எனக்குக் காரணம் தெரியும். சொல்லும் யோக்யதை இல்லை. எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாக வைத்திருந்த நிலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த இலையில் நீங்கள் போட்ட கோடு மட்டும்தான்.

உங்கள் பதினாறாம் நாளுக்கு நம் ஊரில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்த உங்கள் மகன் எங்கள் வீட்டுக்கும் வந்தான். உங்கள் ஜாடை, உங்கள் நிதானம். காப்பியைக் குடித்துவிட்டுக் கேட்டான்: "அந்தக் கேச நான்தாண்டா தோத்தேன்னு அப்பா சாவுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாருங்க. எப்படிப்பான்னா வாயத் தெறக்க மாட்டாரு. நாங்கள்லாம், வக்கீல்கிட்ட ஏதோ உளறிட்டார் போலன்னு அவரையே ஏசுவோம். உங்களுக்கு ஏதாவது தெரியுமாங்க?"

ஐம்பது வருஷமாகச் சொந்தப் பிள்ளைகளிடம் ஏச்சு வாங்கியிருக்கிறீர்கள். அதைக் கேட்ட பிறகும் நான், "அந்தக் காலத்துக் கேசு தம்பி, யாருக்கு ஞாபகம்" என்றேன். கூண்டில் சொன்ன பொய்க்காவது கல்யாணம் என்று ஒரு சாக்கு இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை. பதினாறாம் நாளுக்கு வர எனக்கு முகம் இல்லாமல் போயிற்று.

அதனால்தான் நேற்று ஓட்டலிலிருந்து பாதியில் வந்தவன், இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் படிக்கப் போவதில்லை என்று தெரியும். உறையில் உங்கள் மகன் பெயரும் பேராவூரணி விலாசமும் எழுதியிருக்கிறேன். நீங்கள் எதையும் உளறவில்லை, நான் கேட்டேன், நீங்கள் சொன்னீர்கள், அதை வைத்தே உங்களைத் தோற்கடித்தேன் என்பதை அவன் என் கையெழுத்தோடு படிக்கட்டும். இனி அவன் ஏசுவதானால் என்னை ஏசட்டும்.