சிஸ்டர் சாப்பிடவில்லை

24.01.05, திங்கள்

விடியப் பனி. மீன்தொட்டிக் கண்ணாடி வியர்த்திருந்தது. துடைத்துப் பார்த்தேன். நேற்றுப் போட்ட தீன் அப்படியே அடியில். சிஸ்டர் மூலையில், செட்டையை ஒடுக்கிக்கொண்டு.

சிஸ்டர் என்று பெயர் வைத்தது அக்காவின் மகள் ஜெனி. கன்னியாஸ்திரிகளைப்போல வாய் எந்நேரமும் அசையும். "சித்தி, இவா செபமாலை சொல்லுறா, பாருங்கோவன்." பாவம் வரும் என்று அக்கா அதட்டினாள். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். ஜெனியின் பிறந்தநாளுக்கு வவுனியாவில் வாங்கி, பொலித்தீன் பையைக் குழந்தைபோல மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தது அவர்தான்.

டிசம்பரில், கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு அக்காவும் ஜெனியும் முல்லைத்தீவுக்கு, அப்பாவிடம் போனார்கள். அத்தானுக்குக் கடையில் வேலை. எனக்குக் காய்ச்சல், தர்மபுரம் வீட்டிலேயே நின்றுவிட்டேன். ஜெனி வாசல் படலையில் நின்று கட்டளை: "காலமை மட்டும் குடுங்கோ. கனக்கக் குடுத்தா சிஸ்டருக்கு வயித்துக்குத்து வரும்."

நத்தாருக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தது. அக்காவும் அப்பாவும் தப்பினார்கள்; அப்பா இப்போது எங்களோடு. ஜெனி இல்லை.

வாங்க: சவர்க்காரம், மண்ணெண்ணெய், சிவப்பு மை.

26.01.05, புதன்

ஜெனிக்கு முப்பத்தோராம் நாள் பூசை. தூறல். அக்கா அழவில்லை. திரும்பி வரும்போது அப்பாவைப் பார்த்து ஒரே ஒரு வசனம்.

"எனக்கு முகத்தைக் காட்டேல்லை, என்ன?"

"காட்டுற மாதிரி இல்லையடி பிள்ளை."

"அதை நானெல்லோ சொல்லோணும்."

ஆஸ்பத்திரியில் ஜெனியைக் கண்டுபிடித்ததும், அடக்கம் பண்ணியதும் அப்பாதான். அக்கா வேறு வார்ட்டில் மயக்கமாகக் கிடந்தாள்.

பின்னேரம் மீன்காரர் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார். எந்தப் படலையும் திறக்கவில்லை. கடல்மீன் என்றால் இப்போது எல்லோருக்கும் குமட்டல், அது எதைத் தின்றதோ என்று. அப்பா எழும்பி உள்ளே போய்விட்டார். நாற்பது வருடம் கடலில் நின்ற மனிதர்.

சிஸ்டர் இன்றும் சாப்பிடவில்லை. அக்காவும் இரண்டு வாய் மட்டும்.

28.01.05, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் கணித ரீச்சர்: "நீர் ஒரு விலங்கியல் பட்டதாரி எல்லோ? ஒரு மீனைச் சாப்பிடப் பண்ணத் தெரியேல்லையோ?" பகிடியாகத்தான். முகம் சூடாகிவிட்டது. எங்கள் பரம்பரையில் முதல் பட்டதாரி நான். வெட்டிப் பார்த்த மீன்களின் ஈரல், குடல் எல்லாம் தெரியும். உயிரோடு இருப்பதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

தொட்டியை யன்னலடிக்கு மாற்றினேன். பயனில்லை. அவித்த மஞ்சள் கரு. பயனில்லை. தேங்கிய தண்ணீரில் நெளிந்த நுளம்புக் குடம்பிப் புழுக்கள் பிடித்து விட்டேன். திரும்பியும் பார்க்கவில்லை. குடம்பிகள் மட்டும் சந்தோசமாக நீந்துகின்றன.

அப்பா வந்து பக்கத்தில் குந்தினார். "நான் மீனுக்குத் தீன் குடுத்தது தூண்டிலிலைதான், பிள்ளை. என்னைக் கேளாதை." கடலுக்குப் பிறகு அவர் சொன்ன முதல் பகிடி. சிரிக்க வேண்டும் என்று தெரிந்தும் எனக்கு வரவில்லை.

அக்கா இரண்டு தரம் வந்து தொட்டியைப் பார்த்தாள். இது செத்தால் அவளிடம் யார் சொல்வது? ஜெனி தொட்டு வளர்த்ததில் மிச்சம் இது மட்டும்தான்.

30.01.05, ஞாயிறு

வெயில். எல்லோரும் பூசைக்குப் போனபின் தொட்டியைக் கழுவினேன். தண்ணீர் புளித்த மணம். கல்லுகளுக்கு அடியில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்த சோற்றுப் பருக்கைகள். ஊறிப்போன பேக்கரிப் பாண் துண்டுகள். கூனி இறால் தூள். எனது சிவப்புத் தீன்.

நான் சோறு போடவில்லை. பாணும் போடவில்லை.

சோறு அக்கா. பாண் அத்தான், பரந்தனில் கடையைப் பூட்டிவிட்டு வரும்போது சட்டைப் பையில் கொண்டுவருவார், ஜெனிக்குக் கொண்டுவந்த மாதிரியே. கூனி அப்பாவாகத்தான் இருக்கும். சிவப்பு நான், காலை ஒரு தரம், மனம் கேளாமல் பின்னேரமும் ஒரு தரம். நாலு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர்.

சிஸ்டருக்குப் பசியில்லாமல் இல்லை. எங்கள் சாப்பாடு அழுகிய தண்ணீரில் கிடந்து மூச்சுத் திணறுகிறது. வயித்துக்குத்து வரும் என்று ஜெனி சொல்லிவிட்டுத்தானே போனாள்.

02.02.05, புதன்

இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன், எப்படிச் சொல்வது என்று. இன்று குசினி அடுப்படியில் அக்கா தனியே.

"அக்கா, மீனுக்கு ஆரும் சோறு கீறு போடுறவையோ?"

"நான்தான் போடுறனான். ஏன்?"

"இல்லை..."

"அது அவளின்ரை வேலை. அவள் இல்லை. நான் செய்யாமல் ஆர் செய்யிறது?"

ஒரு மாதத்தில் அக்கா என்னோடு பேசிய மிக நீண்ட பேச்சு. ஓம் என்றேன். தேங்காய் திருவித் தரவா என்று கேட்டேன். கோழை.

அப்பாவிடமும் சொல்லவில்லை, அத்தானிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொன்னாலும் நீங்கள்தான் கொல்கிறீர்கள் என்பதுபோல் ஆகிவிடும். என் தீனை நிறுத்திவிட்டேன். அவர்கள் போட்டதை, அவர்கள் அப்பால் போனபின் தேநீர் வடியால் அள்ளுகிறேன். பாதித் தண்ணீர் மாற்றுகிறேன். அள்ள அள்ள வருகிறது.

03.02.05, வியாழன்

சரிந்து நீந்துகிறது. வயிறு வீங்கி, செதில்கள் கிளம்பி நிற்கின்றன. இனித் தண்ணீர் மாற்றியும் பிரயோசனமில்லை என்று நினைக்கிறேன். மாற்றினேன்.

ஆண்டு எட்டு விடைத்தாள்கள் திருத்தவில்லை.

05.02.05, சனி

மழை இருட்டு. காலை தொட்டியடியில் அப்பா நின்றார். மீன் பக்கவாட்டில் மிதந்தது. வாய் அசையவில்லை.

"உன்ரை அக்கா எழும்ப முன்னம் எடுத்து மண்ணுக்குள்ளை தாட்டுவிடு. எங்கையோ துலைஞ்சுபோச்சு எண்டு சொல்லுவம்."

"தொட்டிக்குள்ளை இருந்து எங்கை அப்பா துலையிறது?"

"அவள் பார்க்கக் கூடாது."

வடியைக் கையில் எடுத்தேன். எடுத்தபடி நின்றேன். பிறகு, எப்படி வந்தது என்று தெரியவில்லை, "அக்கா" என்று கூப்பிட்டேன். அப்பா முற்றத்து மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

அக்கா வந்தாள். ஏற்கனவே எழும்பியிருந்தாள்; கையில் ஒரு பிடி சோறு. மீனை அள்ளி மற்ற உள்ளங்கையில் வைத்தாள். கண், செட்டை, வாய் எல்லாவற்றையும் மெதுவாகப் பார்த்தாள். வாயை விரலால் மூடிவிட்டாள்.

"இதையெண்டாலும் காட்டினாய்."

பிறகுதான் அழுதாள். நான் கேட்டிராத சத்தம். பக்கத்து வீட்டார் வேலியடிக்கு வந்துவிட்டார்கள்.

தேசிக்காய் மரத்தடியில் தாட்டோம். மத்தியானம் அக்கா சாப்பிடவில்லை. அப்பா சாப்பிடவில்லை. தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

விடியவே கடைக்குப் போன அத்தானுக்கு இன்னும் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டும். படலை திறக்கிற சத்தம். சட்டைப் பையில் பாண் இருக்கும்.