தோணிக்காரனின் மனைவி

ஹல்துமுல்லை

அன்புள்ள நிலக்ஷனா அப்பாவுக்கு,

றோசாலி எழுதுகிறேன். நானும் மகளும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்தைச் சிவஞானம் அண்ணனிடம் விசாரித்தேன். கொழும்பில் உங்களோடு ஒரே கடையில் வேலை செய்கிற மனுஷர், "இருக்கான், நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு உடனே மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். லீவு முடிந்து அவர் நாளைக்குத் திரும்புகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் பேசினால், "ஆள் வந்திருக்காங்க, பொறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் கடைசி வரை வாசிப்பீர்கள்.

நம் லயத்து வீட்டுக் கூரைக்குத் தகரம் மாற்றியாயிற்று. பின்பக்கம் மட்டும் இன்னும் ஒழுகுகிறது.

மகள் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் பதுளைக்குப் போகிறாள். ஆங்கில வகுப்பு என்றாள், நம்பினேன். ஒரு நாள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நின்று போனில் அவள் பேசியது காதில் விழுந்தது. "அவருக்கு ரெண்டு வீடு இருக்குன்னு இப்பவே வெளிய சொல்லிராதீங்க. அந்த அம்மாவுக்குத் தெரியக் கூடாது" என்றாள். என்னைக் கண்டதும் வைத்துவிட்டாள். யாரென்று கேட்டதற்கு, "சும்மா ஒரு கதைம்மா" என்றாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை. கல்யாணமான எவனிடமோ அகப்பட்டுவிட்டாள் என்று பயந்தேன். வேறு எதையும் நினைக்க எனக்குத் துணிவு இருக்கவில்லை. அவள் பையைச் சோதித்தேன். பல முகங்கள் உள்ள, நிறம் நிறமான தாயக்கட்டைகள் கிடந்தன. சூதாட்டமும் சேர்ந்துகொண்டது என்று நினைத்தேன்.

போன ஞாயிறு அவள் ஏறிய பஸ்ஸிலேயே நானும் ஏறினேன். அவள் முன்னால் இருந்தாள். நான் சால்வையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு பின்வாசல் கூட்டத்துக்குள் நின்றேன். பண்டாரவளையில் பஸ் மாறியபோதும் அவள் என்னைக் காணவில்லை. பதுளையில் ஒரு தையல் கடையின் மாடிக்கு ஏறினாள். நானும் ஏறிக் கதவைத் தள்ளினேன்.

மேசையைச் சுற்றி நப்ரீஸ், றுஷாந்தன் என்று இரண்டு பையன்கள் இருந்தார்கள். கடைக்காரரின் மகள் ஜிப்னாவும் இருந்தாள். நடுவில் கையால் கீறிய ஒரு ஊரின் படம். மகளின் முகம் வெளுத்துப் போனது. ஜிப்னாதான் எழுந்து நாற்காலி போட்டு, பிளேன்டி ஊற்றிக் கொடுத்து விளக்கினாள்.

அது ஒரு விளையாட்டாம். ஆளுக்கு ஒரு பாத்திரமாக இருந்து கதையை நடத்துகிறார்கள். சண்டையில் யார் வெல்வது என்பதற்கெல்லாம் கட்டை உருட்டுகிறார்கள். ஊரில் இருக்கிற மற்றவர்களாகப் பேசுவது ஜிப்னா.

"முந்தி அந்த ஆட்கள எல்லாம் நானே உண்டாக்குனேன், ஆன்ட்டி. இவங்களுக்கு அவங்க மேல ஒரு ஒட்டுதலும் வரல்ல. கதையில வர்ற கடைக்காரன் செத்துப்போனாலும் சாமானத் தூக்கிட்டுப் போயிருவாங்க. அதனால இந்தத் தடவ நீங்களே உண்டாக்கித் தாங்கன்னு கேட்டேன். அந்த ஆளுக்கு என்ன வேணும், எதை மறைக்கிறான், இது ரெண்டும் போதும்" என்றாள்.

நப்ரீஸ் கொடுத்தது கிழட்டுக் குதிரையை இளசு என்று விற்கிற வியாபாரி. றுஷாந்தன் கொடுத்தது இடிக்குப் பயப்படுகிற காவல்காரி. நம் மகள் கொடுத்தது ஒரு தோணிக்காரன். ஆற்றின் இரண்டு கரையிலும் அவனுக்கு வீடு. இந்தக் கரையில் மனைவியும் வளர்ந்த மகளும். அந்தக் கரையில் இன்னொருத்தியும் ஒரு சின்னக் குழந்தையும்.

இதற்கா இத்தனை பயந்தேன் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். தோணிக்காரனிடம் நப்ரீஸ், "அந்தக் கரையில அழுவுறது யாரு?" என்று கேட்டான். "அது பக்கத்து வீட்டுப் பிள்ள" என்று தோணிக்காரனாக ஜிப்னா சொன்னாள். சொல்லும்போது இடது காது மடலைப் பிடித்துத் தேய்த்தாள். பொய் சொன்னால் அவன் அப்படித்தான் செய்வான் என்று மகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

இதை வாசிக்கும்போது உங்கள் கை எங்கே இருக்கிறதோ தெரியாது.

மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஜிப்னாவுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். "தோணிக்காரன் பொண்டாட்டிய இன்னும் யாரும் உண்டாக்கல்ல, ஆன்ட்டி. உங்க நிலா அவளப் பத்தி வாயே தொறக்க மாட்டேங்குறா. நீங்க சொல்லுங்களே. அவளுக்கு என்ன வேணும்?" என்றாள்.

"அவ புருஷன் வாயால உண்மையக் கேக்கணும்" என்றேன்.

எதை மறைக்கிறாள் என்று கேட்டாள்.

"அவளுக்கு முன்னமே தெரியும். அதத்தான் மறைக்கிறா" என்றேன்.

ஜிப்னாவுக்கு ஒரே சந்தோஷம், உடனே எழுதிக்கொண்டாள். மகள் எழுந்துபோய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும் வழியில் பண்டாரவளையில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம். அங்கேதான் அவள் சொன்னாள். உயிர்த்த ஞாயிறுக்கு நீங்கள் வந்திருந்தபோது உங்கள் போனில் ஒரு படத்தைப் பார்த்தாளாம். ஒரு பெண்ணும், உங்கள் மடியில் நடை பழகுகிற வயதுப் பிள்ளையும். என்னிடம் சொல்லப் பயம். யாரிடமும் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அதனால்தான் அந்தத் தோணிக்காரனை உண்டாக்கினாளாம். "ஒனக்கு எப்பருந்தும்மா தெரியும்?" என்று கேட்டாள்.

போன வருஷம் நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குழந்தை அழுதது. டீவி என்றீர்கள். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆயாவாக நாள் முழுக்கக் கைக்குழந்தைகளோடு கிடக்கிறவள் நான். டீவியில் அழுகிற பிள்ளையை யாரும் முதுகில் தட்டி அமர்த்துவதில்லை. அந்தச் சத்தமும் எனக்குக் கேட்டது. அன்றிலிருந்து நீங்கள் சொல்கிற எதையும் நான் முழுதாக நம்பவில்லை. இருமினால்கூட எங்கே இருந்து இருமுகிறீர்கள் என்று காது கொடுத்துக் கேட்டேன். அப்படி வாழ்வது பெரிய களைப்பு.

சிவஞானம் அண்ணனிடம் பதில் சொல்லி அனுப்ப வேண்டாம். நத்தார் பண்டிகை வரை காத்திருக்கவும் வேண்டாம். வாருங்கள். என் முன்னால் இருந்து சொல்லுங்கள். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதை நான் சொல்கிறேன். ஆனால் முதலில் மகளிடம் பேசுங்கள். இத்தனை மாதமும் அவள் தனியாக இதைச் சுமந்திருக்கிறாள்.

கொழும்பில் டெங்கு கூடியிருப்பதாகச் செய்தியில் சொன்னார்கள். நுளம்பு வலை கட்டாமல் பிள்ளையைத் தூங்கப் போட வேண்டாம்.

செபத்தில் எல்லோருக்கும் பெயர் சொல்லித்தான் வேண்டிக்கொள்வேன். அந்தப் பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியாது. வரும்போது சொல்லுங்கள். அதுவரை ஆண்டவர் உங்களையும் உங்களோடு இருக்கிறவர்களையும் காத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
நிலக்ஷனாவின் அம்மா
றோசாலி