உயரத்தில் ஜன்னல் வைத்த அறை

விளாங்குடி, மதுரை
வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி ஆசிப்புக்கு அக்கா ஷாஹீதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் வீட்டாரும் அங்கே நெதர்லாந்துக் குளிரில் நலமாக இருக்க துஆச் செய்கிறேன்.

போனிலேயே பேசலாமே என்று நினைப்பாய். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ மூன்று பேச்சுப் பேசிவிடுகிறாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்பதாக நீயே சொல்லியிருக்கிறாய். காகிதத்தை அப்படி ஓடவிட முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் உட்கார்ந்து படி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலர்க் கண்ணாடி அறையின் சுவரை இடித்துவிட்டேன். இந்த வரியோடு கடிதத்தைக் கீழே போட்டுவிட்டு எனக்குப் போன் போடாதே. முழுவதும் படி.

அத்தா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பில் பிளேட் வைத்தது உனக்குத் தெரியும். இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். நம் பங்களாவில் என்னதான் இல்லை? கார் வந்து நிற்கப் போர்டிகோ, சுற்றி வராந்தா, தேக்கு உத்திரம், யானை நுழைகிற மாதிரி வாசல். கக்கூஸ் மட்டும் பின்பக்கப் படி இறங்கி, முற்றம் தாண்டி, கிணற்றுக்கு அந்தப் பக்கம். நூறு வருடமாக எல்லாருக்கும் இரண்டு கால் ஒழுங்காக இருந்ததால் யாரும் இதைப் பற்றி யோசிக்கவில்லை.

காலையில் நான் திருமங்கலத்துக்குப் பள்ளிக்கூடம் போய்விட்டால் சாயங்காலம்தான் வருவேன். அதுவரை சமையலுக்கு வருகிற முத்துமீனா மட்டும்தான் துணை. அவளைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்குப் போக அத்தாவுக்குக் கூச்சம். என்னிடமே கூச்சம். கைலியைச் சரிசெய்ய மகள் கை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர். இதற்கெல்லாம் பக்கத்தில் ஒரு மகன் இருந்தால். சரி, அதை விடு.

அவர் என்ன செய்தார் தெரியுமா? மத்தியானம் லுஹர் தொழுகைக்குக் கை கால் முகம் கழுவிச் செய்த ஒளுவை ராத்திரி இஷாத் தொழுகை வரைக்கும் முறியாமல் காப்பாற்றினார். நடுவில் ஒருதரம்கூடக் கக்கூஸ் போகவில்லை. பைத்தியக்காரி நான், அதைப் பக்தி என்று நினைத்து ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னேன். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் தண்ணீர் எவ்வளவு குடிப்பார் என்று கேட்டார். முத்துமீனாதான் சொன்னாள்: "காலையில காப்பி குடிக்கிறதோட சரி டாக்டர். பெறகு சொட்டுத் தண்ணி தொட மாட்டாரு. குடிச்சா எந்திரிக்கணும்ல." டாக்டர் என்னைத் திட்டினார். இப்படியே போனால் கிட்னி தாங்காது என்றார்.

ஒன்றுக்குப் போகப் பிளாஸ்டிக் குடுவை வாங்கி வந்தேன். ஒரு சொட்டு கைலியில் பட்டாலும் தொழுகை கூடாது என்று தள்ளிவிட்டார். நாற்காலி மாதிரி வருகிற கக்கூஸ் வாங்கலாம் என்றேன். தொழுகிற அறையிலேயா என்று என்னை அப்படிப் பார்த்தார். அவர் அறைக்கு ஒட்டினாற்போல் தனி அறைதான் வேண்டும். மேற்குப் பக்கம் கிப்லா, தொழுகிற திசை, அங்கே கூடாது. வடக்கே மாடிப்படி, தெற்கே ஹால். மிச்சம் கிழக்கே உன்னுடைய கலர்க் கண்ணாடி அறை ஒன்றுதான்.

உன்னிடம் கேட்டேன். ஞாபகம் இருக்கிறதா? அது இந்த வீட்டின் உயிர், அதில் கை வைக்காதே என்றாய். அதற்குப் பதிலாகப் பின்பக்கம் சாய்தளம் கட்டச் சொல்லிப் படம் வரைந்து அனுப்பினாய். அழகான படம்தான். மழையில் அந்தச் சாய்தளத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு குடையை எந்தக் கையால் பிடிப்பது என்று அதில் வரையவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில், நம் வீட்டைப் பற்றி நீ இன்டர்நெட்டில் எழுதுகிற பதிவைப் படித்துவிட்டு ஆட்கள் வருகிறார்கள். நீதான் வரச் சொல்கிறாய், டீ போடுவது நான். போன மாதம் ஒரு ஞாயிறு நாகமலை புதுக்கோட்டைப் பக்கமிருந்து மாணவிகள் வந்தார்கள். ஒரு பெண் பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். கிணற்றடியைக் காட்டினேன். போய்விட்டு வந்து, பழமை மாறாமல் வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் டீயில் சர்க்கரையை இரண்டு தரம் போட்டுவிட்டேன். அவர்கள் அத்தாவின் அறைக்கு வெளியே நின்று உன் கட்டுரையைச் சத்தமாகப் படித்தார்கள். கொள்ளுத்தாத்தா அந்த அறையில் அமர்ந்து நூல்கள் வாசித்தார், பள்ளிவாசலில் விழுவதுபோல் ஒளி மேலிருந்து அவர்மேல் விழுந்தது என்று. உள்ளே அத்தா நாக்கு வறண்டு படுத்திருந்தார். அன்றைக்கே கொத்தனார் கண்ணுச்சாமிக்குப் போன் போட்டுவிட்டேன்.

அத்தா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஆசிப்பக் கேட்டியாம்மா?" கேட்டேன் என்றேன். பொய் இல்லையே. நீ சொன்ன பதிலை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இனிமேல்தான் நீ நன்றாகப் படிக்க வேண்டும். இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவரில் காரையை உதிர்த்ததும் உள்ளே ஒரு வாசல் வளைவு தெரிந்தது. செங்கல் வைத்து அடைத்த வாசல். தரையில் பூக்கல்லைப் பெயர்த்தால், அடியில் தளம் ஒரு மூலையைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. மூலையில் தண்ணீர் வெளியே போகத் துளை, சுண்ணாம்பு வைத்து அடைத்திருக்கிறது. நான் ஒன்றும் புரியாமல் நின்றேன். அத்தா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இது கக்கூசுக்குன்னே கட்டுன ரூம்தாம்மா. எங்க தாத்தா ஒரு ரயில்வே தொரை பங்களாவப் பாத்து, அதே மாதிரி கட்டச் சொல்லிட்டாரு. கட்டி முடிச்ச பெறகுதான் இது எதுக்குன்னு அவருக்குத் தெரிஞ்சுச்சு. தொழுகுற வீட்டுக்குள்ள இதான்னு சொல்லி அடைச்சு, அவரு தோல் யாவாரத்து மூட்டையப் போட்டு வச்சாரு."

ஆசிப், கொஞ்சம் யோசித்துப் பார். எந்த மனிதன் தலைக்கு மேலே ஜன்னல் வைத்து உட்கார்ந்து படிப்பான்? வெளியே இருந்து யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று வைத்த ஜன்னல் அது. கலர்க் கண்ணாடி பிறகு போட்டது. வெளிச்சுவரில் ரகசிய வாசல் என்று நீ எழுதினாயே, அது மலம் அள்ளுகிறவர் வீட்டுக்குள் கால் வைக்காமல் வெளியிலிருந்தே வந்து எடுத்துப் போவதற்காகத் துரை வீட்டில் வைத்த வாசல். இதையும் எழுது. இதுவும் நம் வீட்டுச் சரித்திரம்தான்.

இத்தனை தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அத்தாவைச் சத்தம் போட்டேன். "அவன் அம்புட்டு ஆசையா எழுதிருக்கான். அதப் போயி நான் கெடுக்கவா?" என்றார். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது எனக்கு. உன்மேலா அவர்மேலா என்று தெரியவில்லை.

வேலை முடிந்துவிட்டது. கண்ணுச்சாமி கக்கூஸ் பீங்கானை முதலில் மேற்கு பார்க்க வைத்துவிட்டார், அத்தா சொல்லி வடக்கு தெற்காகத் திருப்பி வைத்தோம். கைப்பிடிக் கம்பி இருக்கிறது. உன் கண்ணாடிகளில் ஒன்றுகூட உடையவில்லை. காலையில் அத்தா போய் வரும்போது அவர் வெள்ளை பனியனில் பச்சையும் சிவப்பும் விழுகிறது. யார் கையையும் பிடிக்காமல் போகிறார், யார் கையையும் பிடிக்காமல் வருகிறார்.

இன்று பள்ளிவிட்டு வந்தேன். அசர் தொழுகை நேரம். கட்டிலில் உட்கார்ந்து முத்துமீனாவிடம் தண்ணீர் கேட்டு வாங்கி, முழுச் சொம்பையும் மிச்சம் வைக்காமல் குடித்தார். பிறகு இன்னொரு சொம்பு கேட்டார். நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

ஆனால் ஒன்று. நீ வீடியோவில் கூப்பிடுகிற நேரம் வந்தால், அந்தப் புதுக் கதவை இழுத்துச் சாத்தச் சொல்லிவிட்டு, அதை மறைத்த மாதிரி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். நீ பேசி முடிக்கிற வரைக்கும் தண்ணீரும் குடிப்பதில்லை. நடுவில் எழுந்தால் கதவைத் திறக்க வேண்டுமே, நீ பார்த்துவிடுவாயே என்று.

அடுத்த தடவை கூப்பிடும்போது வீட்டைப் பற்றி எதுவும் கேட்காதே தம்பி. பின்னால் இருக்கிற கதவைத் திறந்து காட்டுங்கள் அத்தா என்று மட்டும் சொல். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். உன் முதுமையில் நீ தாகத்தோடு யாருக்காகவும் காத்திருக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு
உன் அக்கா
ஷாஹீதா