தேதியை மட்டும் மாற்றிய தாள்

விடியும் முன்னே ஓடுபாதையில் கால் வைத்துவிடும் என் அந்தோணி அண்ணாச்சிக்கு,

ஜெயா எழுதுகிறேன். நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. நீங்கள் இருந்தபோது நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. தினமும் போனில் சண்டை போட்டுக்கொள்கிறவர்களுக்குக் கடிதம் எதற்கு? இப்போது உங்களிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. நல்ல சேதி இல்லை. வேறு யாராவது வந்து சொல்லுமுன் நானே சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற பக்கம், மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே நம்முடைய சின்ன ஓடுபாதை கிடக்கிறது. விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் வெளியூரிலிருந்து இரண்டு பேர் உட்காரும் விமானத்தில் தனியாக வந்து இறங்கித் திரும்பிப் போவார்கள். கிளம்புமுன் அவர்கள் பார்த்துக்கொள்ள ஒரு தகவல் தாள் உண்டு. ஓடுபாதை எவ்வளவு நீளம், எந்தத் திசை, பக்கத்தில் என்ன கம்பம் நிற்கிறது, எங்கே திருப்பலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். அதைத் தயாரித்துக் கையெழுத்துப் போடுவது டவுன் ஆபீசில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்த நான். ஓடுபாதையை நடந்து பார்த்தது நீங்கள். 'வருமுன் கூப்பிட வேண்டியவர்' என்ற இடத்தில் உங்கள் பேரும் போன் நம்பரும் இருந்தன.

காலை ஆறு மணிக்கு முதல் ஆளாக நான் கூப்பிடுவேன். "காத்து மேக்க இருந்து வருது. இங்கன காத்துப் பை பாதிதான் தூக்கியிருக்கு. ஆனா கயத்தாறு பக்கம் கரண்டு காத்தாடியெல்லாம் வேகமாச் சுத்துது, மேல காத்து கூடுதலா இருக்கும். ஆடு மாடு ஒண்ணும் இல்ல" என்பீர்கள். "முழுசா நடந்தீங்களா, இல்ல பாதியில நின்னுக்கிட்டுச் சொல்லுதீங்களா?" என்று வம்புக்கு இழுப்பேன். "ஏட்டி, நீ ஒருநாள் வந்து நடந்து பாரு, அப்பத் தெரியும்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவீர்கள். நான் ஒருநாளும் வந்து நடந்ததில்லை.

சித்திரை வெயிலில் நாம் இரண்டு பேரும் மேற்குக் கோடியில் நின்றது ஞாபகம் இருக்கிறதா? அங்கே விமானத்தைத் திருப்பத் தாரின் அகலம் பத்தாது. ஒரு சக்கரத்தைக் கரிசல் மண்ணில் இறக்கித் திருப்புவது நம் ஓடுபாதையின் வழக்கமாகிவிட்டது. நீங்கள் கடப்பாரையால் மண்ணில் ஒரு குத்துக் குத்தினீர்கள். கடப்பாரை துள்ளியது. நான் நோட்டில் 'கெட்டித் தரை, திருப்பலாம்' என்று எழுதினேன்.

"அப்படி எழுதாத, தங்கச்சி. ஐப்பசியில இதே மண்ணு முழங்கால் மட்டும் உள்ள இழுக்கும்."

"அதான் நீங்க தினமும் போன்ல சொல்லுதீங்கள்லா? மழைன்னா சொல்லிருங்க."

"நான் இல்லாட்டி?"

"நீங்க எங்க போயிரப் போறீங்க?"

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி ஆட்டோவில் ஏறினீர்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன் முடிந்துவிட்டது. அடக்கம் முடிந்த மறுவாரம் எங்கள் தலைமைப் பயிற்றுநர் போன் பண்ணினார். "ஜெயா, தகவல் தாளைப் புதுப்பிச்சாச்சா?" என்றார். "ஆச்சு சார்" என்றேன்.

ஆகவில்லை, அண்ணாச்சி. கம்ப்யூட்டரில் தாளைத் திறந்தேன். உங்கள் பேருக்கு முன்னால் அந்தக் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் போதும். கை வரவில்லை. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று மேலே தேதியை மட்டும் மாற்றினேன், கீழே கையெழுத்துப் போட்டேன், எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. காலையில் ஓடுபாதை வாசல் காவல்காரரைக் கூப்பிட்டால் அவர் நாற்காலியில் இருந்தபடியே "ஒண்ணும் இல்ல மேடம்" என்பார். அதையும் எழுதிக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்ததும் எட்டயபுரத்துப் பக்கமிருந்து மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து, மூன்றாம் நாள் காலை பளிச்சென்று வெளுத்தது. அன்றைக்கு நிவேதா வந்தாள். கயத்தாறு லாரி டிரைவர் மகள், உங்களுக்குத் தெரியும். முதல் தடவை இறங்கியபோது தாரிலேயே உட்கார்ந்து அழுதாளே, அவள்தான். வானிலை பார்த்திருக்கிறாள், பெட்ரோல் கணக்குப் போட்டிருக்கிறாள், பாரம் சரிபார்த்திருக்கிறாள். உங்கள் நம்பருக்கு மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். ஸ்விட்ச் ஆஃப். தாளில் தேதி புதிதாக இருந்தது, கையெழுத்து இருந்தது, 'கெட்டித் தரை, திருப்பலாம்' என்று இருந்தது. நம்பிக் கிளம்பிவிட்டாள்.

இறங்கியது அழகாகத்தான் இறங்கினாளாம். மேற்குக் கோடியில் திருப்பும்போது இடது சக்கரம் மண்ணுக்குள் போய்விட்டது. விமானம் மூக்குக் குப்புறச் சாய்ந்து, முன்னால் சுற்றும் இறக்கை மண்ணில் அடித்து வளைந்தது. நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது முழங்கால்வரை சேறோடு நின்றிருந்தாள். நெற்றியில் ரத்தம். "அக்கா, அண்ணாச்சி போனை எடுக்கலை" என்றாள். அவளுக்கு நீங்கள் போனதே தெரியாது. அவள் விமானம் ஓட்டப் பழகும் வெளியூர்ப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும்.

நெற்றியில் நான்கு தையல். வேறொன்றும் ஆகவில்லை, கர்த்தர் புண்ணியம் என்று உங்கள் வீட்டு ரெஜினா மதினி சொன்னார்கள். ஆனால் மேலிடத்தில் நிவேதாவிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். 'தொடர்பு கிடைக்காவிட்டால் வரக்கூடாது என்பது விதி. நான் மீறினேன். தவறு என்னுடையது' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். என்னைப் பற்றியோ தாளைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. பயிற்சியிலிருந்து அவளை நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அத்தோடு முடிந்துவிடும். ஐந்து நாள் திறக்கவில்லை. கேவலம்தான், அண்ணாச்சி. உங்களிடம் எதை மறைக்க?

கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம் உங்களைப் பார்க்க வந்தேன். ரெஜினா மதினி மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காற்றுக்கு அணைந்து அணைந்து போனது. நானும் உட்கார்ந்து கையால் மறைத்துக்கொண்டேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். தாளைத் திறந்தேன், பேரை எடுக்க மனசு வரவில்லை என்று சொல்லும்போது அழுதுவிட்டேன்.

மதினி அணைந்த திரியை மறுபடி ஏற்றினார்கள். பிறகு, "காலையில ஆறு மணிக்கு யாராவது கூப்பிட்டு அந்தப் போன் அடிக்கும்லா, தாங்க முடியலை ஜெயா. நான்தான் அணைச்சு டிரங்குப் பெட்டிக்குள்ள போட்டேன்" என்றார்கள். "அவிய பேரு இந்தா, கல்லுல வெட்டியாச்சு. இங்கன இருந்தாப் போதும். அந்தப் பிள்ளை உசுருக்குக் குறுக்க அவிய பேரு நிக்கக் கூடாது. எடுத்துரு."

மறுநாள் காலை எடுத்துவிட்டேன். 'கெட்டித் தரை' என்பதையும் அடித்துவிட்டு, 'மழை மாதங்களில் தாரை விட்டுச் சக்கரம் இறங்கக் கூடாது' என்று எழுதினேன். பிறகு தலைமைப் பயிற்றுநருக்கு, தேதியை மட்டும் மாற்றியது நான், 'ஆச்சு' என்று பொய் சொன்னது நான், இறந்துபோனவர் நம்பரை அந்தப் பெண்ணிடம் கொடுத்தது நான் என்று எழுதி அனுப்பினேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நிவேதாவை நிறுத்தவில்லை. கொஞ்ச நாளைக்குத் தனியாகப் பறக்கக் கூடாது, பயிற்றுநர் கூட வர வேண்டும், அவ்வளவுதான். என் கையெழுத்தைத்தான் விசாரணை முடியும்வரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். தாளில் இப்போது வேறொருவர் கையெழுத்துப் போடுகிறார். அதுவரை ஓடுபாதையை நடந்து பார்க்க நான் போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். 'கூப்பிட வேண்டியவர்' என்ற இடத்தில் இப்போது என் நம்பர் இருக்கிறது.

இன்று காலை ஆறு மணிக்கு நிவேதா கூப்பிட்டாள். பயிற்றுநரோடு இங்கே வருகிறாளாம், அன்றைக்குப் பிறகு முதல் தடவை. காற்றுச் சொன்னேன், காத்தாடி சொன்னேன். செருப்பில் அப்பின சேறு ஒரு கிலோ இருக்கும். காற்றுப் பை நிற்கும் இடத்தோடு நின்றுவிட்டிருந்தேன்.

"அக்கா, முழுசா நடந்தீங்களா?"

'ம்' என்று சொல்ல வாய் வந்துவிட்டது, அண்ணாச்சி.

"இல்லட்டி. பாதிதான் நடந்திருக்கேன். நீ கிளம்பாத. நடந்துட்டுச் சொல்லுதேன்."

நடந்தேன். மேற்குக் கோடியில் ஓரத்து மண்ணில் ஒரு காலை வைத்தேன். செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது, வெறுங்கால்தான் வெளியே வந்தது. அங்கே நின்றபடியே திரும்பக் கூப்பிட்டு, "தார்லயே நிறுத்தி எஞ்சினை அணைச்சிரு. நாங்க கையால தள்ளித் திருப்புதோம்" என்றேன். அப்படித்தான் வந்தாள். நானும் காவல்காரரும் தள்ளினோம்.

இனி என் கால் படாத இடத்தைப் பற்றி யாரிடமும் 'சரி' என்று சொல்ல மாட்டேன். நேற்றுப் பார்த்ததற்கு இன்றைய தேதி போட மாட்டேன். கையெழுத்து எனக்குத் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் இது உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துவிட்டு வந்து எழுதும்,
உங்கள் தங்கச்சி
ஜெயா