ஹபகாட் திரும்பி வந்த மழைக்காலம்

ஜூன் 9, ஞாயிறு

ஆமாம், நானும்தான் போனேன். போனது மட்டுமா? மேளத்தை மாட்டிக்கொண்டு வீடு வீடாகத் தட்டி எல்லாரையும் கிளப்பிக்கொண்டு போனதே நான்தான். இப்போது மரிவிக் அக்கா கேட்கிறாள்: "ஒரு ஆளையாவது வீட்ல விட்டுட்டுப் போகணும்னு தோணலையாடா உனக்கு?"

தோணவில்லை. யாருக்குத் தோணியது? மணிலாக்காரனுக்கு விற்றுப்போன, பருவக்காற்றின் பெயர் வைத்த எங்கள் கூடைப்பந்து அணி ஹபகாட் பதினோரு வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பி வருகிறது. விமான நிலையத்திலிருந்து திறந்த லாரியில் நின்று ஆட்டக்காரர்கள் கையாட்டிக்கொண்டு வருகிறார்கள். கூடைப்பந்து என்றால் சோற்றை மறக்கிற ஊர் இது. எவன் வீட்டில் இருப்பான்? வார்டுத் தலைவர் டெல்ஃபின், எங்களுக்கெல்லாம் கேப்டன், தலைக்கு ஒரு மஞ்சள் சட்டையும் ஏறிப்போக மூன்று லாரியும் கொடுத்திருந்தார். அம்மா சர்க்கரையில் பொரித்த வாழைக்காய் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தாள். அணியின் பழைய நட்சத்திரம் எஸ்கானோவைப் பார்த்ததும் அழுதாள். "அப்பா செத்தப்பகூட இவ்ளோ அழலடா இவ" என்று அக்கா சிரித்தாள். அவள் இடுப்பில் குழந்தைக்கும் மஞ்சள் சட்டை.

திரும்பி வந்தால் எங்கள் குடிசைப் பகுதி லிகோட் முழுக்க பெயின்ட் வாசனை. ஏழெட்டுக் கதவுகளில் சிவப்பாக எண். மற்ற கதவுகளில் ஒன்றும் இல்லை.

மூட்டு வீக்கத்தால் வர முடியாமல் வீட்டிலேயே கிடந்த அம்போ மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் கதவில் 7.

"நகராட்சி ஆளுங்க வந்தாங்க. வீடு வீடா கூப்பிட்டுப் பாத்தாங்க. ஆள் இருந்த வீட்டுக்கு நம்பர் போட்டாங்க. ஏன்டா, ஊரையே கூட்டிட்டுப் போனியே, நல்லா ஆடுனீங்களா?"

பூட்டின வீடு ஆளில்லாத வீடு. ஆளில்லாத வீட்டுக்கு எண் கிடையாது. எண் இருந்தால், நகராட்சி இந்தக் குடிசைகளை இடிக்கும்போது மலைப்பக்கம் ஒரு சிமெண்ட் அறை தருவார்கள். இல்லையென்றால் தெரு.

எங்கள் கதவில் எண் இல்லை.

ஜூன் 10, திங்கள்

விடிந்ததும் எழுந்து போய்க் கதவைப் பார்த்தேன். யாராவது வந்து எழுதியிருப்பார்களோ என்று. பைத்தியம்.

ஜூன் 13, வியாழன்

கேப்டன் அலுவலகம். சுவரில் மேயர் படம், பக்கத்தில் அதைவிடப் பெரிதாக எஸ்கானோ படம். மின்விசிறி அவர் பக்கம் மட்டும் சுற்றியது.

"கேப்டன், அன்னைக்கு வீட்ல ஒருத்தரும் இருக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதானே ஆள் அனுப்புனாங்க?"

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்ல இருப்பாங்கன்னு நெனச்சிருப்பாங்க. நகராட்சிக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

"லாரி குடுத்தது நீங்க."

"குடுத்தேன். நடந்து போயிருந்தா கால் வலிச்சிருக்கும். நன்றின்னு ஒரு வார்த்தை வருதா பாரு. காலேஜ பாதியில விட்டவன்லாம் எனக்குச் சட்டம் சொல்றான்."

அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். போட்டி நடத்துகிற லீக் ஒத்துக்கொள்ள வேண்டுமென்றால் அரங்கத்துக்குப் பின்னால் கார் நிறுத்த இடம் வேண்டும். தீயணைப்பு வண்டி உள்ளே வர வழி வேண்டும். செப்டம்பரில் ஆட்டம் தொடங்குவதற்குள் வந்து பார்ப்பார்களாம். இல்லையென்றால் அணி மறுபடியும் மணிலாவுக்கு.

அரங்கத்துக்குப் பின்னால் இருப்பது நாங்கள். அதனால்தான் இந்த இடத்துக்கே லிகோட் என்று பெயர், பின்பக்கம்.

"அப்ப அணியை வேணாம்னு சொல்லிடலாமே கேப்டன்."

"போய் உங்கம்மாகிட்ட சொல்லிப் பாரு."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன பதில் வரும் என்று பயம்.

ஜூன் 16, ஞாயிறு

தெருமுனைப் பந்துத்திடலில் செருப்போடு ஆடிக்கொண்டிருந்தோம். நான் பந்தைத் தொட்டாலே "மேளக்காரன் வர்றான், கதவப் பூட்டு!" என்று ஒரு கூச்சல். ஒன்யோக் மட்டும் கத்தவில்லை. அவன் சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிறவன், சின்ன வயசிலிருந்து நான் எங்கே போனாலும் கூட வருகிறவன். கூடைக் கம்பத்தை ஒட்டினாற்போல் அவன் வீடு. அவன் கதவிலும் எண் இல்லை. மூன்று பிள்ளைகள்.

ரேடியோவில் அணியைத் திரும்ப வாங்க நகராட்சி கொட்டிய தொகையைச் சொன்னார்கள். ஒன்யோக் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். "பள்ளிக்கூடத்துல எனக்கு இவ்ளோ பெரிய நம்பர் சொல்லித் தரலடா. சின்ன நம்பர் ஒண்ணு போதும் எனக்கு. டேய், ஸ்பிரே பெயின்ட் என்ன வெல?"

சாயங்காலத்துக்குள் லிகோட்டில் எல்லாக் கதவிலும் எண். நானே எங்கள் கதவில் அடித்தேன்.  ஒரு வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

முட்டாள்கள். நாங்கள் முட்டாள்கள்.

நகராட்சியிலிருந்து ஹெல்மெட் போட்ட ஒரு அம்மாவும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். அந்த அம்மா ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே போனார். நின்றார். திரும்பி முதல் கதவுக்கு வந்தார்.

"இது குடியிருப்பா, டீமா? பதினொண்ணாம் நம்பர்ல எத்தன பேருங்க ஆடுறீங்க?"

எஸ்கானோவின் சட்டை எண் 11. யாரும் யாரையும் கேட்கவில்லை. பெயின்ட் கையில் வந்ததும் எல்லாருக்கும் அவரவர் ஆட்டக்காரன் எண்தான் வந்திருக்கிறது. வரிசையாக வீடுகளில் 11. நடுநடுவே 5, 7, 32. எங்கள் கதவிலும் 11. அம்மா கேட்டாள், போட்டேன்.

எல்லாவற்றின் மேலும் கறுப்பு அடித்தார்கள். 7 நாலு கதவில் இருந்ததால் நாலையும். அம்போ மாமாவின் நிஜமான ஏழையும். அவர் காலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார், "அது என்னோடதும்மா, அது அசல்மா!" "பாத்துட்டுச் சொல்றோம்" என்றார்கள்.

மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 27, வியாழன்

இடிப்பு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஜூலை 23.

ஜூலை 2, செவ்வாய்

எல்லாருக்கும் ஒரே பயம், தீ. துறைமுகத்துப் பக்கம் குடிசைகளை இப்படித்தான் காலி பண்ணினார்களாம். பூனை மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திக் கூரையில் விட்டார்களாம். பூனை ஓடுகிற வழியெல்லாம் எரியுமாம். பார்த்தவன் யாரும் இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். இப்போது லிகோட்டில் ஒரு பூனைக்கும் சோறு கிடைப்பதில்லை. கல்தான்.

இன்று மத்தியானம் கருகல் வாடை. ஒருத்தி "தீ!" என்று கத்தினாள், அவ்வளவுதான். குழந்தைகள், பாய், டிவி, கோழி எல்லாம் தெருவில். அக்கா குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் என்னத்தைத் தூக்கினேன் தெரியுமா? பந்தை. சே.

கருகியது எங்கள் அம்மாவின் சட்டி. வாழைக்காய்க்குப் போட்ட சர்க்கரை. அடுப்பில் வைத்துவிட்டு அப்படியே கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"கறுப்புக்குக் கீழ நம்பர் இன்னும் தெரியுதுடா" என்றாள்.

தெரியவில்லை.

ஜூலை 8, திங்கள்

அரங்கத்தில் பயிற்சி. அம்மா குச்சியில் குத்திய வாழைக்காய்களோடு பின்வாசலில் நின்றாள், நானும் போனேன். எஸ்கானோ வெளியே வந்தார். கிட்டத்தில் வயசு தெரிகிறது, முழங்காலில் கட்டு. ரெண்டு வாங்கினார். "அம்மா, நான் புதுசா சேந்தப்ப உங்ககிட்டதான தின்னேன்? இன்னும் இங்கயேதான் இருக்கீங்களா?"

 நான் சொன்னேன், இருபத்து மூணாம் தேதி வரைக்கும்னு. எல்லாம் சொன்னேன்.

அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "எனக்குத் தெரியாது தம்பி. சத்தியமா. என்னைய எங்க எறக்கி விடுறாங்களோ அங்க ஆடுறேன்."  பேருந்து ஹாரன் அடித்ததும் போய்விட்டார்.

அவர் மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன். வரவில்லை. கோபம் வந்தால் பயம் குறையும்.

ஜூலை 16, செவ்வாய்

கேப்டன் ஆள் விட்டுக் கூப்பிட்டார். இந்த முறை மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். 

இடிக்க ஆள் வேண்டுமாம். வெளியூர் ஆட்கள் வருகிறார்கள், ஆனால் லிகோட்டின் சந்து பொந்து தெரிந்த நாலைந்து பேர் வேண்டும். சிவப்புச் சட்டை, கடப்பாரை, மத்தியானச் சாப்பாடு.

"உங்கம்மா வீட்டுக்கு நம்பர் போட்டுடலாம். மலையில ரூம் உறுதி. மரிவிக் குழந்தைக்கு இருமலாமே? அங்க காத்து நல்லாருக்கும்."

"என்னால முடியாது கேப்டன். அவங்கல்லாம் எனக்கு..."

"உன் ஒருத்தனாலதான் முடியும். அன்னைக்கு மேளம் அடிச்சு எல்லாத்தையும் வீட்ட விட்டு வெளிய கூட்டிட்டு வந்தவன் நீதான? இன்னொரு தடவை கூட்டிட்டு வா."

நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். "யோசிச்சுச் சொல்றேன் கேப்டன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கும்பிடு வேறு போட்டேன்.

ஜூலை 17, புதன்

மழை. கூரையில் ஒழுகுகிற இடத்தையெல்லாம் அடைத்தேன். இடியப்போகிற வீட்டுக்கு எதற்கு?

ஜூலை 19, வெள்ளி

அக்காவிடம் சொல்லிவிட்டேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் செத்துவிடுவேன் போல இருந்தது.

"நீ போகலன்னா வேற எவனாவது போவான்" என்றாள்.

"அப்ப போகவா?"

"நான் போன்னு சொன்னேனா?"

"போகாதன்னு சொல்றியா?"

குழந்தை இருமியது. அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். "என்னைய ஏன்டா கேக்குற? நாளைக்கு ஒன்யோக் பொண்டாட்டி மூஞ்சில நான் முழிக்க வேணாமா? நீயே என்னமோ பண்ணு. எங்கிட்ட சொல்லாத. நான் கேக்கவே இல்ல."

நான் கேப்டனிடம் போனேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப் பிடிக்கவில்லை.

ஜூலை 20, சனி

கதவில் எண் வந்துவிட்டது. 61. சிவப்பு. எப்போது வந்து அடித்தார்கள் என்றே தெரியவில்லை. அம்மா வெளியே வந்தாள், பார்த்தாள், உள்ளே போய் அரிசி களைந்தாள்.

எதிர்பார்த்த மாதிரியே ஒன்யோக் வந்தான். எண்ணின் மேல் விரலை வைத்தான். விரலில் ஒட்டியது. அதைப் பார்த்துவிட்டு என் சட்டையில் துடைத்தான், சிரித்துக்கொண்டே.

"வாழ்த்துடா. யாருக்கு என்ன குடுத்த?"

"அக்கா... அக்காவோட சிநேகிதி ஒருத்தி நகராட்சியில இருக்கா."

"எனக்கும் சொல்லக் கூடாதா அவகிட்ட?"

"கேட்டுப் பாக்குறேன்."

கேட்டுப் பாக்குறேன்னு சொன்னேன். எங்கிருந்து வந்துச்சு அந்த வார்த்த? அவன் நம்பிட்டான். நம்பித் தோள்ல தட்டிட்டுப் போறான்.  என்னடா பண்ணி வச்சிருக்க ஜெர்வின்?

ஜூலை 22, திங்கள்

திடலில் பெஞ்சு, டயர், பழைய கட்டில் எல்லாம் குவித்து வழியை அடைக்கிறார்கள். அம்போ மாமா நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நானும் போய் ஒரு கட்டில் பிடித்துக் கொடுத்தேன். பிடிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும். ஒன்யோக் திட்டம் சொல்கிறான், யார் எங்கே நிற்பது என்று, ஆட்டத்துக்கு ஆள் பிரிப்பதுபோல. என்னைத் தன் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறான்.

கேப்டன் கொடுத்த சிவப்புச் சட்டையைச் சாயம் போகட்டும் என்று அம்மா துவைத்தாள். நான் சொல்லவில்லை, அவளே என் பைக்குள்ளிருந்து எடுத்திருக்கிறாள். வெளியே கொடியில் போடவில்லை. வீட்டுக்குள், அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டிருக்கிறாள்.

ஜூலை 23, செவ்வாய்

மழை விட்டுவிட்டது. விடாதா என்று ராத்திரியெல்லாம் வேண்டினேன், விடக்கூடாது என்றும் வேண்டினேன். எனக்கே தெரியவில்லை எதை வேண்டினேன் என்று.

லாரிகள் அரங்கத்தின் முன்பக்கம் நிற்கின்றன. திடல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறார்களாம். கூடைக் கம்பத்தை ஒட்டிய ஒன்யோக் வீடுதான் முதல்.

சிவப்புச் சட்டை போட்டுவிட்டேன். இன்னும் ஈரம். மேலே அப்பாவின் பழைய ஜாக்கெட். அம்மா வந்து கழுத்து வரைக்கும் ஜிப்பை இழுத்துவிட்டாள்.

வெளியே ஒன்யோக் குரல். "டேய் ஜெர்வின்! வாடா சீக்கிரம், நம்ம பக்கம் ஆள் பத்தல!"

"வரேன்" என்று கத்திவிட்டேன்.

பின்னால் சாக்கடை ஓரமாகச் சுற்றிப் போனால் திடல் வராது. அவன் கண்ணில் படாமல் லாரிக்குப் போய்விடலாம். மறுபடியும் கூப்பிடுகிறான். போகணும்.